கையில் லைனோடு நெல்லையிலிருந்து நெடும்பயணம்: வீட்டில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முன்பெல்லாம் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து முடிக்க வேண்டியிருந்த வைத்தியத்தை இப்போது பலர் வீட்டிலேயே முடித்துக்கொள்கிறார்கள். எலும்பிலோ இதய வால்விலோ கிருமி தங்கி ஆறு வாரம் வரை ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டியவர்கள், குடல் வேலை செய்யாததால் இரத்தக்குழாய் வழியாகவே சத்துப் பை ஏற்றிக்கொள்பவர்கள், கீமோ பம்ப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு வீடு திரும்புபவர்கள் எல்லாரும் பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் சங்கரன்கோவிலிலும் நம் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள். வைத்தியம் வீட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் பயணம் நிற்கவில்லை. பெரிய டாக்டர் சென்னையிலோ வேலூரிலோ திருவனந்தபுரத்திலோ இருப்பார். மகன் மும்பையில் இருப்பான். வெளியூரில் இருக்கிறவர்களுக்கோ பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்தே ஆக வேண்டும்.

என் அத்தைக்கு முதுகெலும்பில் கிருமி வந்து, மேல்கையில் பிக் லைன் (கை இரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குப் பக்கம்வரை போகும் மெல்லிய குழாய்) போட்டு வீட்டில் வைத்துப் பார்த்த காலத்தில் கற்றுக்கொண்டதையும், அதன் பிறகு இதே நிலையில் இருந்த குடும்பங்களுக்குச் சொல்லிவந்ததையும் இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவு, நேரம், லைனைக் கையாளும் முறை எல்லாவற்றிலும் உங்கள் டாக்டரும் சிஸ்டரும் சொல்வதுதான் முடிவு. இது அவர்களிடம் என்னென்ன கேட்க வேண்டும், பயணத்தை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்கான வழிகாட்டி.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. ஓடும் வண்டியில் மருந்து ஏற்றாமலே போய்ச்சேர முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலோர் டிக்கெட்டைப் போட்டுவிட்டு, அப்புறம் மருந்து நேரத்தை அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். அதைத் தலைகீழாக மாற்றுங்கள். மருந்து நேரம் முதலில், வண்டி நேரம் இரண்டாவது.

முதல் படி: டாக்டரிடம் பேசுவது

குறைந்தது இரண்டு வாரம் முன்பே பேசுங்கள். "ஊருக்குப் போகலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டால் "போயிட்டு வாங்க" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். என்ன வண்டி, எத்தனை மணி நேரம், அங்கே எத்தனை நாள், ஊசி போட யார் இருக்கிறார்கள் என்று விவரமாகச் சொல்லிக் கேளுங்கள்.

கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, மருந்து நேரத்தை நகர்த்தலாமா என்பது. செஃப்ட்ரியாக்சோன் போல நாளுக்கு ஒருமுறை ஏற்றும் மருந்தென்றால் பயணம் சுலபம். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, விடியற்காலை எழும்பூரில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை 5 மணி மருந்து என்றால், வீட்டில் ஏற்றி முடித்து, லைனைக் கழுவி மூடி, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ஜங்ஷனுக்குக் கிளம்பலாம். அடுத்த மருந்து மறுநாள் மாலை, சென்னையில். வண்டி மூன்று மணி நேரம் தாமதமானாலும் கவலையில்லை. உங்கள் மருந்து நேரம் காலை 8 மணியாக இருந்தால், அதை மாலைக்குக் கொண்டுவர டாக்டரே வழி சொல்வார். நீங்களாக நகர்த்தாதீர்கள்.

எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்துகளில்தான் சிக்கல். நெல்லையிலிருந்து எழும்பூருக்கு வந்தே பாரத் ரயிலே ஏறக்குறைய எட்டு மணி நேரம் எடுக்கிறது. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு வருவதையும் எழும்பூரிலிருந்து தங்குமிடம் போவதையும் சேர்த்தால் இடைவெளி போதாது. இங்கே டாக்டரிடம் இன்னொரு கேள்வி கேட்கலாம்: இதே கிருமிக்கு நாளுக்கு ஒருமுறை போடும் மருந்து உண்டா? மெரோபெனம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதே குடும்பத்து எர்டாபெனம் நாளுக்கு ஒருமுறை. எல்லாக் கிருமிக்கும் மாற்ற முடியாது. சிலவற்றுக்கு எர்டாபெனம் கேட்காது. மாற்ற முடிந்தால் உங்கள் பயணம் மட்டுமல்ல, வீட்டில் எல்லாருடைய தூக்கமும் மிச்சம். மாற்ற முடியாவிட்டால் மதுரையில் இறங்கி, ஒரு வேளை மருந்தை அங்கே முடித்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிப்பது பற்றி யோசியுங்கள். அலைச்சல்தான், ஆனால் ஆடுகிற பெட்டியில் ஊசி முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

சத்துப் பை ஏற்றிக்கொள்பவர்களுக்கு விஷயம் வேறு. பலருக்கு அது இரவு முழுக்க, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். பயண இரவில் ஒருநாள் விட்டுவிடலாமா, அன்று நீர்ச்சத்துக்கு என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடுவதாக இருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கிற பையை வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று சட்டென்று நிறுத்தக் கூடாது. அதில் சர்க்கரைச் சத்து நிறைய இருக்கிறது. திடீரென நின்றால் இரத்தச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். கடைசி நேரத்தில் வேகத்தைக் குறைத்துக் குறைத்து நிறுத்தும் முறையை ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதற்கான நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

சில நேரம் போகவே கூடாது. காய்ச்சல் இருந்தால், லைன் போட்ட இடத்தில் இரத்தம் கசிந்தாலோ சீழ் பிடித்தாலோ, கை வீங்கியிருந்தால், லைன் போட்டு ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால், புது மருந்தின் முதல் வேளையை இன்னும் ஏற்றவில்லை என்றால், டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். எந்தப் புது மருந்தின் முதல் வேளையும் ஆஸ்பத்திரியில்தான் ஏற்றப்பட வேண்டும், அலர்ஜி வந்தால் பார்க்க ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக.

கடிதம்

டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி பத்துப் பக்கம் இருக்கும். நடுராத்திரி விழுப்புரத்தில் ஒரு டூட்டி டாக்டர் அதைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒரே பக்கத்தில் இவ்வளவும் வேண்டும்: நோய், லைனின் வகை, போட்ட தேதி, வெளியே எத்தனை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது, மருந்தின் பெயர், அளவு, எதில் கலப்பது, எவ்வளவு நேரத்தில் ஏற்றுவது, லைன் அடைக்காமல் இருக்க ஹெப்பாரின் உண்டா இல்லையா, அலர்ஜி, அழைக்க வேண்டிய எண். அந்த சென்டிமீட்டர் கணக்கு முக்கியம். வழியில் லைன் இழுபட்டுவிட்டதா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். கடிதத்தை மூன்று பிரதி எடுத்து, ஒன்று நோயாளியிடம், ஒன்று துணைக்கு வருபவரிடம், ஒன்று மருந்துப் பையில். போனில் படமும் எடுத்து வையுங்கள்.

எந்த வண்டி?

என் கருத்தில் ரயில்தான் முதல் தேர்வு. எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, கை கழுவத் தண்ணீர் உண்டு, நடுவில் பெரிய ஊர்கள் வருகின்றன. இரவு வண்டியில் ஏசி பெட்டி எடுங்கள். இது சொகுசுக்காக அல்ல. ஜன்னல் வழியாக வரும் தூசி, கோவில்பட்டி தாண்டும்வரை அடிக்கிற வெக்கை இரண்டுமே மருந்துக்கும் டிரஸ்ஸிங்குக்கும் ஆகாது. வியர்த்தால் டிரஸ்ஸிங் ஓரம் கிளம்பிவிடும்.

கீழ் பெர்த் கட்டாயம். பிக் லைன் போட்ட கையை ஊன்றி மேலே ஏறக் கூடாது. 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 வயது தாண்டிய பெண்களுக்கும் கீழ் பெர்த் முன்னுரிமை உண்டு. மற்றவர்கள் பதிவு செய்யும்போதே அந்த விருப்பத்தைக் குறியுங்கள். கிடைக்காவிட்டால் கடிதத்தைக் காட்டி டிடிஇயிடம் கேளுங்கள். புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சைப் பயணத்தில் கட்டணச் சலுகை இருக்கிறது. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுத் தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கென்று உள்ள படிவத்தில் சான்று வாங்கி, ரிசர்வேஷன் கவுன்ட்டரில் நேரில் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். இது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்துப் போய்வருகிற குடும்பங்கள் நம் பக்கம் நிறைய.

வந்தே பாரத்தில் படுக்க முடியாது, உட்கார்ந்தே போக வேண்டும். முதுகுவலி, களைப்பு இல்லாதவர்களுக்கு அது நல்ல வண்டி. பகலில் போய்ப் பகலிலேயே சேர்ந்துவிடலாம்.

ஆம்னி பஸ்ஸை நான் யாருக்கும் சொல்வதில்லை. கை கழுவ இடமில்லை, நினைத்த இடத்தில் நிற்காது, படுக்கை குறுகல். கார் என்றால் மதுரை வரை நான்குவழிச்சாலை, பரவாயில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடங்கள். நெஞ்சில் போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் பதிக்கும் சின்னக் கருவி) வைத்திருப்பவர்கள் சீட் பெல்ட் அதன் மேல் உரசாமல் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டே போடாமல் இருக்க அது காரணமாகிவிடக் கூடாது. செங்கோட்டை வழியாக மலையேறிக் கொல்லம் பக்கம் போகிறவர்கள், வளைவுச் சாலையில் குமட்டல் வரும் என்பதை நினைவில் வைத்து அதற்கான மாத்திரையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விமானம் என்றால் வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் போவது பெரும்பாலும் ஏடிஆர் போன்ற சிறிய விமானம். தலைக்கு மேல் உள்ள அறை குறுகலானது, பெரிய ஐஸ் பெட்டி நுழையாது. விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லி, அவர்கள் கேட்கும் மருத்துவப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். மருந்து எல்லாம் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் ஒரு குப்பிகூடப் போகக் கூடாது. பம்ப்புக்கான உபரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்க்கும் சட்டப்படியே கையில்தான் வர வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் கடிதத்தை முதலில் நீட்டுங்கள், அப்புறம் பையைத் திறங்கள்.

கீமோ பம்ப்போடு திரும்புகிறவர்களுக்கு

திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ மதுரைக்கோ போய் கீமோ எடுத்துக்கொண்டு, 46 மணி நேரம் ஓடும் பலூன் பம்ப்பை மாட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பி, மூன்றாம் நாள் ஊசியைக் கழற்றுவதற்காக மறுபடியும் அங்கே போகிறவர்கள் இருக்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் அந்த இரண்டு இரவும் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே தங்கிவிடுவது நல்லது. லாட்ஜ் வாடகை யோசனையாக இருந்தால், நெல்லையிலேயே போர்ட் ஊசி கழற்றப் பழகிய ஆஸ்பத்திரியில் கழற்றிக்கொள்ளக் கடிதம் கேளுங்கள். தருவார்கள்.

பம்ப்போடு பயணம் செய்தே ஆக வேண்டுமென்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பலூன் பம்ப்புக்குக் கரன்ட்டும் இல்லை, பேட்டரியும் இல்லை. உள்ளே இருக்கிற பலூன் சுருங்கச் சுருங்க மருந்து ஓடுகிறது. வெப்பம் கூடினால் வேகமாக ஓடும், குளிர்ந்தால் மெதுவாகும். அதனால் சித்திரை வெயிலில் பைக்குள் போட்டுத் தொங்கவிடுவதும், இரவு ஏசி காற்றுக்கு நேராக வைப்பதும் இரண்டுமே தவறு. வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன முனை தோலோடு ஒட்டியிருக்கும்படி பிளாஸ்டர் போட்டிருப்பார்கள், அது கழன்றுவிடாமல் பாருங்கள். ஆறேழு மணி நேரத்துக்கு ஒருமுறை பலூனின் அளவைப் பார்த்து, நேரத்தோடு ஒரு சீட்டில் குறியுங்கள். மருந்து கசிந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது. கிளாம்ப்பை மூடி, கையுறை போட்டு, கசிந்ததைத் துடைத்துத் தனிப் பையில் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். இரண்டு ஜோடி கையுறையும் இரண்டு கனமான பிளாஸ்டிக் பையும் அதற்காகவே தனியாக இருக்கட்டும்.

குளிர் காப்பது

இதற்குத்தான் எல்லாரும் அதிகம் பயப்படுகிறார்கள். உண்மையில், நம் ஊரில் வீட்டுக்குத் தரும் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் பொடிக் குப்பியாகத்தான் வருகிறது. கலக்காத பொடி பலவற்றுக்கு ஃபிரிட்ஜே தேவையில்லை, 25 டிகிரிக்குக் கீழே, வெயில் படாமல் இருந்தால் போதும். கலந்த பிறகுதான் நேரக் கணக்கு. ஆகவே வீட்டில் கலந்து ஐஸில் வைத்துச் சுமப்பதைவிட, குப்பியாகக் கொண்டுபோய் அங்கே போய் அவ்வப்போது கலப்பது மேல். குப்பியின் லேபிளைப் படியுங்கள், புரியாவிட்டால் மருந்துக்கடையில் கேளுங்கள்.

2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து என்றால், கனமான சுவருள்ள ஐஸ் பெட்டி, நான்கு ஜெல் பேக், ஒரு சின்ன தெர்மாமீட்டர். ஜெல் பேக்கை மருந்தோடு ஒட்டி வைக்காதீர்கள், நடுவில் ஒரு டவலைச் சுற்றுங்கள். சூடாவதை மட்டும் பார்த்து உறைந்துபோவதை விட்டுவிடுகிறோம். உறைந்த மருந்து பல நேரம் கெட்ட மருந்து, உருகி மறுபடியும் தெளிவாகத் தெரிந்தாலும் போடக் கூடாது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு வெறும் தண்ணீர்ப் பாட்டிலை உள்ளே வைத்து, பயண நேரத்தைவிட ஆறு மணி நேரம் கூடுதலாகத் தாங்குகிறதா என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். மே மாதத்து நெல்லையில் தாங்கினால் எங்கும் தாங்கும்.

சத்துப் பை ஒவ்வொன்றும் ஒன்றரை, இரண்டு லிட்டர் இருக்கும். ஐந்து நாளுக்குச் சுமக்க முடியாது. போகிற ஊரிலேயே அதே பை கிடைக்குமா என்று விநியோகிப்பவரிடம் கேட்டு, அந்த முகவரிக்கு முன்பே அனுப்பச் சொல்லுங்கள். பை வந்து சேர்ந்து, பெயரையும் தேதியையும் உறவினர் போனில் வாசித்துச் சொன்ன பிறகுதான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

மருந்துப் பை

ஒரே பை, யாராலும் தூக்க முடிகிற எடை, எப்போதும் கண் முன்னால். சீட்டுக்கு அடியில் தள்ளக் கூடாது. பயண நாட்களுக்குத் தேவையானதோடு இரண்டு நாள் கூடுதலாக மருந்து, அதற்கான ஸ்டெரைல் வாட்டர், சலைன், ஐவி செட். 10 மில்லி சிரிஞ்சுகள், இது மட்டும் தாராளமாக. லைனைக் கழுவ 2 மில்லி, 5 மில்லி சிரிஞ்சைப் பயன்படுத்தக் கூடாது. சிரிஞ்சு சிறுத்தால் அழுத்தம் கூடும், லைன் வெடிக்கலாம். வழியில் மருந்துக்கடையில் 10 மில்லி இல்லை என்று 5 மில்லி கொடுத்தால் வாங்காதீர்கள். ஆல்கஹால் ஸ்வாப், இரண்டு டிரஸ்ஸிங் செட், லைன் முனைக்கான மூடிகள், முகக்கவசம், கையுறை, சானிட்டைசர், பல்லில்லாத ஒரு கிளாம்ப், வெப்பமானி, பையைத் தொங்கவிட ஒரு எஸ் கொக்கி.

அப்புறம் ஊசி போட்டுவைக்க ஒரு தடித்த பிளாஸ்டிக் டப்பா, திருகு மூடியோடு. பயன்படுத்திய ஊசியை ரயில் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், காகிதத்தில் சுற்றியும் போடாதீர்கள். அந்தத் தொட்டியைக் கையால் அள்ளுகிற ஒரு மனிதர் இருக்கிறார். டப்பாவை மூடி வீட்டுக்கே கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் ஒப்படையுங்கள்.

கிளம்பும் நாள்

டிரஸ்ஸிங் மாற்ற வேண்டிய நாள் பயணத்துக்குள் வந்தால், முந்தின நாளே மாற்றிவிடுங்கள். கண்ணாடி போன்ற டிரஸ்ஸிங் ஏழு நாள் வரை தாங்கும், காஸ் துணி என்றால் இரண்டு நாள்தான். மருந்து முடிந்ததும் லைனைக் கழுவுவதில் அவசரம் வேண்டாம். கையை சோப்புப் போட்டுக் கழுவி உலரவிட்டு, லைன் முனையை ஸ்வாப்பால் 15 வினாடி அழுத்தித் தேய்த்து, அது காயும்வரை காத்திருந்து, சலைனைக் கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, மறுபடி கொஞ்சம் தள்ளி என்று விட்டுவிட்டு ஏற்ற வேண்டும். உங்கள் லைனுக்குக் கிளாம்ப் உண்டென்றால், கடைசிச் சொட்டு போய்க்கொண்டிருக்கும்போதே மூடும் பழக்கத்தைச் சிஸ்டர் காட்டியிருப்பார். அதையே செய்யுங்கள். கழுவாமல் கிளம்பினால் வழியில் அடைத்துக்கொள்ளும்.

அதன் பிறகு லைனைக் கட்டுவது. நன்றாகத் துவைத்துக் காயவைத்த ஒரு பருத்தி சாக்ஸின் விரல் பக்கத்தை வெட்டிவிட்டு, அதை மேல்கையில் மாட்டுங்கள். லைனின் வால் பகுதி தொங்காமல் அதற்குள் மடிந்து கிடக்கும். இறுக்கமாக இருக்கக் கூடாது, ஒரு விரல் நுழைய வேண்டும். பெண்களுக்கு இறுக்கமான ஜாக்கெட் கை பெரிய தொந்தரவு. அத்தைக்கு லைன் போட்ட கைப்பக்கம் மட்டும் தையலைப் பிரித்து நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தோம். கல்யாண வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டியும் போக முடிந்தது. போர்ட் வைத்த ஆண்கள் முன்பக்கம் பட்டன் உள்ள சட்டையே போடுங்கள். ஆபத்தில் டாக்டர் நெஞ்சைப் பார்க்க உடனே திறக்க முடியும்.

அந்தக் கையால் பெட்டி தூக்கக் கூடாது. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது. ஸ்டேஷனில் கூட்டம் இடிக்காத பக்கமாக அந்தக் கை இருக்கும்படி துணைக்கு வருபவர் பக்கத்தில் நடக்கட்டும்.

வண்டிக்குள்

லைன் உள்ள கையின் மேல் சரிந்து தூங்காதீர்கள். விரல்களை மடக்கி விரிப்பது, எழுந்து நடப்பது, தண்ணீர் குடிப்பது, இவை கையிலும் காலிலும் இரத்தம் உறைவதைத் தடுக்கும். கழிப்பறைக்குள் லைனைத் திறக்கவே கூடாது. தண்ணீர் தெறித்து டிரஸ்ஸிங் நனைந்துவிட்டால் "காயட்டும்" என்று விடாமல், சீட்டுக்கு வந்து முறைப்படி மாற்ற வேண்டும்.

எவ்வளவு திட்டமிட்டும் வண்டியிலேயே மருந்து ஏற்ற வேண்டிவந்தால் இப்படிச் செய்யுங்கள். உயரத்தில் தொங்கவிட்டுச் சொட்டு எண்ணும் முறை ஓடும் வண்டிக்கு ஒத்துவராது, ஆட்டத்தில் வேகம் மாறும். பலூன் பம்ப்போ பேட்டரி பம்ப்போ டாக்டரிடம் முன்பே கேட்டு வாங்குங்கள். பையைத் தொங்கவிட்டே ஆக வேண்டிய மருந்தென்றால் இரவு 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு நடு பெர்த்தைத் தூக்கி மாட்டிவிடுவார்கள், கீழே படுத்திருப்பவருக்கு மேல் உயரமே இருக்காது. பேட்டரியை வீட்டிலேயே முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டியில் சார்ஜிங் பாயின்ட்டுகளை அணைத்துவைக்கும் வழக்கம் ரயில்வேயில் உண்டு. மருந்து ஓடுகிற நேரம் முழுவதும் துணைக்கு ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

ஆபத்து அறிகுறிகள்

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல், அதிலும் லைனைக் கழுவிய கொஞ்ச நேரத்தில் குளிர் நடுக்கம் எடுத்தால், லைனுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். பாராசிட்டமால் போட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. கீமோ எடுப்பவர்களுக்கு இது இரட்டிப்பு அவசரம்.

லைன் கீறியோ உடைந்தோ போனால், உடைந்த இடத்துக்கும் உடம்புக்கும் நடுவே மடித்துக் கிளாம்ப் போடுங்கள். காற்று உள்ளே போய் மூச்சு முட்டினால், நெஞ்சு அடைத்தால், உடனே கிளாம்ப்பை மூடி, இடதுபக்கம் ஒருக்களித்து, தலை தாழ்வாக இருக்கும்படி படுக்கவைத்து உதவி கேளுங்கள். லைன் கொஞ்சம் வெளியே வந்துவிட்டால் திருப்பி உள்ளே தள்ளாதீர்கள், அப்படியே ஒட்டிவைத்து, அதன் வழியாக மருந்து ஏற்றாமல் டாக்டரைக் கேளுங்கள். சலைன் போகவில்லை என்றால் அழுத்தித் தள்ளாதீர்கள்.

ரயிலில் 139, தரையில் 108. டிடிஇயிடம் சொன்னால் அடுத்த நிலையத்துக்குத் தகவல் போகும். எங்கே இறங்கலாம் என்று முன்பே தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும். நெல்லை–சென்னைத் தடத்தில் மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை, திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, விழுப்புரத்துக்குப் பக்கத்தில் முண்டியம்பாக்கம், அப்புறம் செங்கல்பட்டு, இவை எல்லாம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள். எல்லா நேரமும் டாக்டர் இருப்பார், பிக் லைனைப் பார்த்து மிரளாத ஆட்கள் இருப்பார்கள். வண்டி எத்தனை மணிக்கு அங்கே நிற்கும் என்பதைக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். நெல்லைக்கு வருகிறவர்களுக்கு ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி.

போன இடத்தில்

இங்கே ஆபத்து அன்பு வடிவில் வரும். "அத்தை ரொம்பச் சோர்ந்து போயிருக்காங்க, நம்ம கம்பவுண்டரை வரச்சொல்லி ஒரு பாட்டில் ஏத்திரலாமா?" என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். பழகாத கை அந்த லைனைத் தொடக் கூடாது. அதைவிட முக்கியம், செஃப்ட்ரியாக்சோன் போகிற லைனில் கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் பாட்டிலைச் சேர்த்து ஏற்றினால் இரண்டும் சேர்ந்து உறைந்து படிந்துவிடும். சோர்வென்றால் உங்கள் டாக்டரைப் போனில் கேளுங்கள். இரத்தப் பரிசோதனைக்கும் லேப் ஆட்கள் மறு கையில்தான் எடுக்க வேண்டும்.

குற்றாலத்தில் சாரல் அடிக்கிற நேரமென்றால் இன்னொரு அழைப்பு வரும். "என்ன மைனி, இவ்வளவு தூரம் வந்துட்டு அருவில குளிக்காமலா போறது?" பிக் லைன் இருக்கும்வரை அருவி, ஆறு, குளம், நீச்சல் எதுவும் கிடையாது. பாலித்தீன் கவரைச் சுற்றிக்கொண்டும் கிடையாது. பாபநாசத்தில் படித்துறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொள்ளலாம். போர்ட் வைத்து, ஊசி போடாத காலத்தில், தையல் நன்றாக ஆறியிருந்தால் குளிக்க டாக்டர் அனுமதிப்பதுண்டு, அதையும் கேட்டுக்கொண்டுதான்.

மருந்து கலக்க வீட்டில் ஒரு மேசையை ஒதுக்கச் சொல்லுங்கள். பூஜையறையோ சமையற்கட்டோ வேண்டாம். ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, பிள்ளைகளை வெளியே அனுப்பி, மேசையை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பார்க்க வருகிறவர்களில் சளி, காய்ச்சல் உள்ளவர்கள் வாசலோடு பேசிவிட்டுப் போகட்டும். இதைச் சொல்லத் தயங்குகிற நோயாளிக்காகத் துணைக்கு வந்தவர் சொல்ல வேண்டும்.

திரும்பியதும்

வந்த அன்றோ மறுநாளோ சிஸ்டரிடம் லைனைக் காட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எந்த வேளை தாமதமானது, எது விட்டுப்போனது என்று மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் அதை வைத்துத்தான் இன்னும் எத்தனை நாள் ஏற்றுவது என்று முடிவு செய்வார். வான்கோமைசின் போன்ற மருந்தென்றால், இரத்தத்தில் அதன் அளவும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டிய நாள் பயணத்தில் தள்ளிப்போயிருக்கும், அதை உடனே முடித்துவிடுங்கள். ஊசி டப்பாவை ஒப்படைத்து, மிச்சமுள்ள குப்பிகளின் தேதியைப் பார்த்து, தீர்ந்ததை வாங்கிப் பையை மறுபடி நிரப்பி அலமாரியில் வைத்துவிடுங்கள். அடுத்த ரிவியூவுக்கு அதே பைதான் வேண்டும்.